மூன்றாம் பாகம் படிக்காத மிஸ் டெலமியர்

எங்கள் மார்ல்பெக்கில் பிறவிப் பெரிய மனிதர் என்று ஒருவரும் கிடையாது. பாதிரியார் மனைவி பெவரல் அம்மாளுக்கு ஒரு பெரியப்பா எங்கேயோ பிஷப்பாக இருந்து செத்துப் போனார். அந்த ஒரு பெரியப்பாவை வைத்துக்கொண்டு ஊர் பல வருஷம் ஒப்பேற்றி வந்தது. அதனால்தான், மிஸ் ஹொனோரியா டெலமியர் ஒரு மார்ச் மாத மழையில் தபால் வண்டியிலிருந்து இறங்கி, வண்டிக்காரன் முகத்தைப் பார்க்காமலே கூலியை நீட்டியபோது நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். முகத்தைப் பார்க்காமல் காசு கொடுப்பதென்றால் அது பரம்பரையாக வரவேண்டும்.

சேணம் தைப்பவர் கடை மாடியில் இரண்டு அறை பிடித்தாள். மறுநாளே என் கடைக்கு வந்து, ஜன்னலில் ஓர் அட்டை வைக்க அனுமதி கேட்டாள். நான் கெசையா ப்ளம்லி. காகிதம், மை, அரக்கு விற்கிறேன். கடையின் பின்பக்கம் நாவல்களை வாடகைக்கு விடுகிறேன். ஊரில் யார் என்ன படிக்கிறார்கள் என்பதும், யார் படிக்காமலே திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பெரிய குடும்பங்களின் முறைப்படி நடக்கவும், உட்காரவும், ஓர் அறைக்குள் நுழையவும் இளம்பெண்களுக்குக் கற்றுத் தரப்படும் என்று அட்டையில் எழுதியிருந்தது.

அந்த வருஷம் கோதுமைக்கு நல்ல விலை. விவசாயிகள் கையில் பணம் புரண்டது. அவர்களுடைய பெண்களோ, கதவு திறந்தால் கொட்டிலைவிட்டு வரும் கிடாரிகள் மாதிரி வந்து நிற்பார்கள். மிஸ் டெலமியர் அவர்களைப் பிடித்து நிறுத்தி, நாற்காலி எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமல் உட்காரக் கற்றுக்கொடுத்தாள். முதல் மாதம் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஆனாலும் தகப்பன்மார்களுக்குப் பெருமைதான்.

அவள் தன் கதையை ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. அங்கேதான் அவள் கெட்டிக்காரி. டீ ஊற்றும்போது ஒரு பெருமூச்சு. கணப்பில் நெருப்பு சற்று உயர்ந்தால், "தீயைப் பார்த்தாலே எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவாள். கழுத்தில் ஒரு சின்ன முத்துச் சிலுவை. யாராவது பார்த்தால் கையால் மூடிக்கொள்வாள். அவள் கால் பங்கு சொன்னாள், மீதியை நாங்களே தைத்துச் சேர்த்துக்கொண்டோம். வடக்கே ஒரு மாளிகை. அதன் வாசலில் கூடையில் கிடந்த குழந்தை. எடுத்து வளர்த்த ஒரு பிரபு. எரிந்துபோன கிழக்குப் பகுதி. பிரபுவின் தங்கை மகன், அந்தப் பொல்லாத மருமகனைக் கட்டிக்கொள்ள மறுத்துப் பனியில் வெளியேறிய இரவு. ஆறேழு வருஷத்தில் இந்தக் கதை எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெளியூர் விருந்தாளிகளுக்கு அவளைவிட நாங்கள் நன்றாகச் சொல்வோம்.

இந்தச் சமயத்தில்தான் ஏலக்காரர் ரூபன் கார்பட் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். மனைவியை இழந்தவர், பருத்த மனிதர். தொண்டை மட்டும் ஊருக்கே பெரியது. சந்தையில் கத்திப் பழகியவர் ஆதலால் ரகசியம் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அவர் பெண் கேட்டதும் அவள் சரி என்றதும் சேணக்காரர் கடையில் நின்ற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் உடனே தெரிந்துபோயிற்று. அவளுக்கு அவர்மேல் உண்மையாகவே ஆசை. அவர் பேர் எடுத்தால் காது சிவக்கும். அது மட்டும் நடிப்பில் வராது.

கல்யாணத்துக்கு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு லண்டனிலிருந்து ரயிலில் ஒரு பெட்டி வந்தது. அங்கே பெரிய நூலகங்களில் படித்துச் சலித்த பழைய நாவல்களைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். நம் ஊருக்கு அது புதிதுதானே. எல்லாமே மூன்று மூன்று பாகம். ஒரு சமயத்தில் ஒரு பாகம்தான் கொடுப்பது என் வழக்கம். ஒருவர் இரண்டாம் பாகத்தில் அழுதுகொண்டிருக்கும்போது இன்னொருவர் முதல் பாகத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். எழுதியவர் பெயர் இல்லாத ஒரு நாவலின் முதல் பாகத்தைப் பெவரல் அம்மாள் எடுத்துப் போனார். மறுநாள் காலையில் தொப்பி கோணிப்போய், மூச்சிரைக்கக் கடைக்கு வந்து நின்றார்.

அந்தக் கதாநாயகி இசொலினா கூடையில் கிடந்த குழந்தை. முத்துச் சிலுவை இருந்தது. கிழக்குப் பகுதி எரிந்தது. பொல்லாத மருமகன் இருந்தான். பனியும் தவறாமல் பெய்தது.

வேறு ஊராக இருந்தால் மிஸ் டெலமியர் கதையைத் திருடினாள் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊர் அப்படிப்பட்ட சந்தேகப் பிராணி இல்லை. நாவலாசிரியர்தான் எங்கள் மிஸ் டெலமியரின் வாழ்க்கையைத் திருடிவிட்டார் என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது. அவள் இங்கே வருவதற்கு முன்பே அச்சான புத்தகம் அது. பாவம், அந்த அவமானம் தாங்காமல்தான் இங்கே ஓடி வந்திருக்கிறாள் என்றார் பெவரல் அம்மாள். பெயர் வேறாக இருக்கிறதே என்று கசாப்புக் கடைக்காரர் மனைவி கேட்டதற்கு, பெயரை எப்போதும் மாற்றித்தான் போடுவார்கள் என்று பதில் வந்தது. மிஸ் டெலமியரைத் தெருவில் பார்த்தவர்கள் கையைப் பிடித்து, கண் கலங்கி, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் நாவலைக் கடைசியிலிருந்து படிப்பேன். மூன்றாம் பாகத்தைப் புரட்டியதும் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். இசொலினாவுக்குப் பதினாறு வயதிலேயே ஒரு மாலுமியோடு ரகசியக் கல்யாணம் ஆகியிருக்கிறது. அவன் உயிரோடு திரும்பி வருகிறான். அவள் அதற்குள் வேறொரு பிரபுவைக் கட்டிக்கொண்டாயிற்று. மாலுமிக்குச் சூப்பில் எதையோ கலந்து கொடுக்கிறாள். அதுவும் போதாதென்று, பொய்ப் பெயரில் நடந்ததால் பிரபுவோடு நடந்த கல்யாணமும் செல்லாது என்று வழக்கறிஞர் வந்து சொல்கிறார். அவள் கடல் தாண்டி ஏதோ மடத்தில் போய்ச் சாகிறாள்.

மறுநாள் நான் கடைக் கதவுப் பலகைகளைக் கழற்றும்போதே மிஸ் டெலமியர் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள். உங்களுக்கு எதற்கு, உங்கள் கதைதானே என்றேன், சும்மா சீண்டுவதற்காக.

"ப்ளம்லி அம்மா, தயவு பண்ணுங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியாது," என்றாள்.

பிறகு மைப்புட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் பெயர் பெட்சி க்ரப். மாவட்டத்தின் அந்தக் கோடியில் ஹாக்வெல் சுங்கச்சாவடி இருக்கிறதே, அங்கே கதவு திறந்து விடுகிறவரின் மகள். பதினைந்து வயதில் ஒரு சீமாட்டி வீட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போனாள். சீமாட்டிக்குத் தலை வாரும்போது நாவல் படித்துக் காட்டுவாள். அந்த நாவலில் இரண்டு பாகம் முடிந்தது. மூன்றாம் பாகத்தை அவள் தொடுவதற்குள் சீமாட்டி நூலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் சீமாட்டியே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வேலை போயிற்று. கையில் கொஞ்சம் சேமிப்பும், முதுகை நேராக வைக்கத் தெரிந்த வித்தையும், இரண்டு பாகம் கதையும்தான் மிச்சம். அவற்றை வைத்து அவள் மிஸ் டெலமியர் ஆனாள். மூன்றாம் பாகத்தில் ஏதாவது ஒரு டியூக் வந்து, இசொலினா தன் பேத்தி என்று கண்டுபிடித்திருப்பார் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பா அம்மா இருக்கிறார்களா என்று கேட்டேன். அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள் என்றாள். இங்கே வருவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாளாம். இனிமேல் வேறு பேரில் இருக்கப்போகிறேன், என்னைத் தேடி வராதே என்று சொன்னாளாம். கிழவி சரி என்று மட்டும் சொன்னாளாம். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் தோறும் பார வண்டிக்காரன் மூலம் ஒரு பொட்டலம் டீத்தூள் போகும், யார் அனுப்பியது என்று பெயர் இல்லாமல். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபமாகத்தான் வந்தது. பெற்றவளை உயிரோடு வைத்துக்கொண்டு தன்னைக் கூடையில் கிடந்தவள் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

நான் மூன்றாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். சூப் கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடினாள்.

"படுபாவி. இவ இப்படிப் பண்ணுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? முதல் ரெண்டு பாகத்துல எவ்வளவு நல்லவளா இருந்தா," என்றாள்.

எலி தின்றுவிட்டது என்று சொல்லி அந்தப் பாகத்தை ஒளித்துவிடலாம் என்றேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. பாதிரியார் வீட்டுக்கு வந்திருந்த பெவரல் அம்மாளின் தங்கை அந்த நாவலை எப்போதோ படித்தவள். சாப்பாட்டு மேஜையில் முடிவை உடைத்துவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் மாலுமி, சூப், மடம் எல்லாம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மடத்தில் செத்தவள் எப்படி இங்கே நடமாடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாவை நாவலாசிரியர் தன் கையிலிருந்து போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஊர் அவளை முன்னைவிட மதித்தது. கொலைகாரி என்றாலும் பிரபுவைக் கட்டின கொலைகாரி. ஆனால் மதிப்பு வேறு, பெண் பிள்ளைகளை அனுப்புவது வேறு. பாடத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். உதவிப் பாதிரியார் அவள் வீட்டில் சூப் தட்டைப் பார்த்ததும் தனக்கு அஜீரணம் என்றார். கார்பட் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவே பார்க்க, இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனி மரியாதை.

அவளுக்கு அதுவே வேதனையாயிற்று. பொய்ப் பெயரில் நடந்த கல்யாணம் கல்யாணமே இல்லை என்று நாவலில் வந்தது நிஜமா என்று என்னிடம் கேட்டாள். ஆமாம், சட்டம் அப்படித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். ஹொனோரியா டெலமியராகக் கட்டிக்கொண்டால் கார்பட்டுக்கு அவள் மனைவி ஆகமாட்டாள். பெட்சி க்ரப் என்று சொன்னால் அவர் கட்டிக்கொள்வாரோ மாட்டாரோ. பெரிய குலத்துக் கொலைகாரியாக இருப்பதா, சாவடிக்காரன் வீட்டு யோக்கியமான பெண்ணாக இருப்பதா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். நான் குற்றம் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் அது யோசிக்க வேண்டிய விஷயம்தான். கடைசியில் கார்பட்டிடம் சொல்லிவிடப் போனாள், இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவர் தான் ஏலம் விட்ட ஓர் அலமாரியைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. முதல் ஓலை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் கேட்க வேண்டும். யாரும் தடை சொன்னதாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கோ ஈஸ்டருக்குக்கூட வராதவர்கள் எல்லாம் வந்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் வாசற்படியில். மாலுமி வருவான் என்று எதிர்பார்த்தார்கள். செத்தவன் வரமாட்டானே என்று என் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். ஒருவேளை சூப்பு சரியாக வேலை செய்யாமல் போயிருக்கலாம் என்றாள் அவள்.

பாதிரியார் ரூபன் கார்பட்டின் பெயரையும் ஹொனோரியா டெலமியரின் பெயரையும் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். கல்யாணப் பெண் எழுந்து நின்றாள்.

"நான் தடை சொல்றேன் ஐயா. அப்படி ஒரு ஆள் கிடையாது. நான் பெட்சி க்ரப். ஹாக்வெல் சாவடிக்காரர் மக. எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க."

வாசற்படியில் இருந்த கண்ணெல்லாம் அவள் பக்கம் திரும்பின. பிறகு பெவரல் அம்மாள் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, "இரண்டாம் பாகம், அந்தத் தோட்டத்துக் கட்டம்," என்றார். இரண்டாம் பாகத்தில், தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட பிரபுவுக்குக் களங்கம் வரக்கூடாது என்று இசொலினா தன்னை ஒரு தச்சன் மகள் என்று பொய் சொல்லி விலகப் பார்ப்பாள். ஊருக்கு அது நினைவு வந்துவிட்டது. பின்வரிசையில் இரண்டு பேர் விசும்பினார்கள். எத்தனை பெரிய மனசு என்றார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஆயிரம் பொய்யையும் விழுங்கின ஊர், அவள் சொன்ன ஒரே உண்மையைத் துப்பிவிட்டது.

கார்பட் எழுந்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். பாட்டுக்காரர்கள் மாடம்வரை கேட்டது.

"பேரை மாத்தி வாசிங்க ஐயா. ஆள் அதேதானே."

பாதிரியார் ஒழுங்குக்கு உட்பட்டவர். ஓர் ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் எதையும் வாசிக்க முடியாது, பெற்றவள் வந்து இவள் என் மகள்தான் என்று தன் முன்னால் சொல்லட்டும் என்று முடித்துவிட்டார். அது நடக்காவிட்டால் ஓலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. பெட்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அம்மா வருவாளா, வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பாளா என்று அதையே வழி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே கார்பட் தன் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்க் கிழவியைக் கூட்டிவந்தார். பாதிரியார் வீட்டுக் கூடத்தில் நாங்கள் காத்திருந்தோம். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள்; கடையை மூடிவிட்டு வந்தேன். கார்பட் உள்ளே வந்ததும் என் காதில் மட்டும் சொல்வதாக எண்ணி எல்லோருக்கும் சொன்னார். வழி முழுக்க அந்த அம்மாள் தனக்கு மகளே இல்லை என்கிறாளாம். பாதிரியார் கூப்பிடுகிறார் என்பதற்காகத்தான் வண்டியில் ஏறினாளாம்.

பின்னால் ஒரு சின்ன உருவம் வந்து கம்பளத்தின் ஓரத்தில், அதை மிதிக்காமல் நின்றது. தலை முதல் கால் வரை, துக்கம் காக்கிறவர்கள் உடுத்தும் கறுப்பு உடை. நிறம் வெளிறிப்போன கறுப்பு. பாதிரியார் பெட்சியைக் காட்டி, இவள் உன் மகளா என்று கேட்டார். கிழவி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையை நான் மறக்கமாட்டேன். பிறகு கம்பளத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க ஐயா. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. செத்துப் போயிட்டா. இவங்க பெரிய இடத்து அம்மணி. எங்க மாதிரி ஜனங்களுக்கு இப்படிப் பொண்ணு எங்கிருந்து வரும்?"

பெவரல் அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செத்துப்போன ஏழைப் பெண்ணின் பெயரை இசொலினா எடுத்துக்கொண்டாள் என்று, எந்தப் பாகத்திலும் இல்லாத ஒன்றை அவரே எழுத ஆரம்பித்துவிட்டார். பாதிரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கார்பட்டின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவருக்கு அப்படி ஆனதை ஊர் அன்றுதான் பார்த்தது.

பெட்சி கிழவியிடம் போனாள். மிஸ் டெலமியரின் நடை அந்தக் கூடத்தின் பாதியிலேயே கழன்று விழுந்துவிட்டது.

"ஏம்மா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அவ்வளவு தூரம் வந்துட்டு இப்படியா சொல்லுவே?"

"கோவப்படாதீங்க அம்மணி."

"அம்மணியாம் அம்மணி. என்னைப் பாத்துச் சொல்லு. அந்தப் பிடிவாதம் உன்னை விட்டு எங்க போகும்? ஊரே வந்து கெஞ்சினாலும் நீ சொன்னதுதான். அப்பா உன்கிட்ட பட்ட பாடு எனக்குத் தெரியாதா?"

கிழவியின் தாடை நிமிர்ந்தது.

"உங்கப்பனைப் பத்தி எங்கிட்டப் பேசாதே. ஒரு உருளைக்கிழங்கு ஒழுங்காத் தோல் சீவத் தெரியாது, பாதி கிழங்கைத் தோலோட வெட்டித் தள்ளுவே. நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா, கழுதை?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டது. பாதிரியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் தொட்டு எழுத உட்கார்ந்தார். பெவரல் அம்மாள்கூட நாவலை விட்டுவிட்டார். பெற்றவளும் பிள்ளையும் தவிர வேறு யாரும் அப்படிச் சண்டை போடமாட்டார்கள் என்று எந்த நாவலும் படிக்காமலே எல்லோருக்கும் தெரியும்.

பெட்சி அழுதாள், சிரித்தாள், கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்த உடை அவள் கண்ணில் பட்டது.

"அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா. யாருக்கு இன்னும் கறுப்பு?"

"உனக்குத்தாண்டி," என்றாள் கிழவி. "வேலைக்குப் போயிருக்கான்னு சொன்னா எந்த ஊர்னு கேக்கிறாங்க. எவனாவது உன்னைத் தேடி வந்து, நீ யாருன்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டா என்ன பண்றது? செத்துப்போனவளை எவனும் தேட மாட்டான்."